கொழும்பு சேர் இருந்த அறை

என் மேசையில் ஒரு முட்டை அட்டை இருக்கிறது. கடைகளில் முட்டை அடுக்கி வருமே, அந்தச் சாம்பல்நிறக் காகித அட்டை. பின்பக்கம் காய்ந்து வெடித்த பசை, முன்பக்கக் குழிகளில் தூசு. எழுத உட்காரும்போதெல்லாம் எடுத்து மூக்கருகே பிடிக்கிறேன். பூசாத சுவரின் சீமெந்து மணம், கடற்காற்றின் உப்பு, பூட்டிய அறைக்குள் நின்று பாடியவர்களின் வியர்வை, எல்லாம் இன்னும் அதில் இருக்கின்றன. நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு நேற்றுவரை உன் அறைப் பக்கம் நான் போகவில்லை. அதற்குள் அறை என்னைத் தேடி வந்துவிட்டது.

போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உன் தங்கை இதைக் கொண்டுவந்தாள். "சுவரெல்லாம் பூசப்போறாங்க ராத்தா. ஒண்டாவது உங்களுக்கிட்ட இரிக்கட்டும் எண்டு கொணந்தன்," என்றாள்.

நான் அதை அப்படியே நம்பவில்லை. என்னைத் தெரியும்தானே உனக்கு. ஒருவர் கதவைத் தட்டினால், அவர் சொல்லும் காரணத்துக்குப் பின்னால் வேறொரு காரணம் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறது என்று நினைப்பவள். "நீ ஒரு சீஐடி புள்ள" என்று சிரிப்பாய். உன் தங்கை தேத்தண்ணி குடித்தாள், என் உம்மாவோடு கதைத்தாள், போகிற நேரம் வாசலில் நின்று முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள்: "படம் எடுக்கிறவங்கட கூட்டத்துக்கு நீங்களும் போனீங்களாம். அங்க என்ட ராத்தாவப் பத்தி ஆரும் கதைச்சாங்களா?"

ஒருவரும் கதைக்கவில்லை என்றேன். உன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பின்னேரம் முழுக்க அவர்கள் கதைத்தது உன்னைப் பற்றித்தான். அவர்களுக்கு அது தெரியாது. ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நம் பக்கத்துப் பொடியன்மார் சிலர் சேர்ந்து கிழக்குக் கரை ஹிப்ஹொப்பைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார்கள். எந்த லேபல் இந்த இசையை உருவாக்கியது, எந்தக் குழு அதற்கு முகம் கொடுத்தது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. படத்தின் பின்னணி உரையை எழுத என்னைக் கேட்டார்கள். "உங்கட தமிழ் நல்லம் ராத்தா. மற்றது, நீங்க முகம் காட்டத் தேவல்ல," என்றான் ஒருவன். அந்த இரண்டாவது வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் வீட்டுக்குள் இருந்து மொழிபெயர்ப்பு செய்து பிழைப்பவள், முகம் காட்டாமல் இருப்பது எனக்கு விருப்பம்தான். ஆனால் பெண் ஒருத்தி முகம் காட்டாமல் வேலை செய்து தருவது இந்த ஊரில் எத்தனை பேருக்கு வசதியாக இருக்கிறது என்பதை உன் வீட்டில்தான் பார்த்தேன்.

கூட்டம் எங்கே தெரியுமா? கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நாம் உயர்தரம் படித்த அதே டியூட்டரியில். நாம் உட்கார்ந்த வாங்குகளைக்கூட மாற்றவில்லை. பொருளியல் வகுப்பு நடக்கும்போது பின்வாங்கில் இருந்து, பர்தாவுக்குள்ளால் ஆளுக்கொரு காதில் இயர்போன் போட்டுக்கொண்டு ரெப் பாட்டுக் கேட்போம். வகுப்பு விட்டதும் சண்டை தொடங்கும். நான் வரிகளை வைத்து ஒரு குழுவைத் தூக்குவேன், நீ ஒரு வார்த்தையில் அதைக் கீழே போடுவாய். "நீ முன்னால கதைக்கிறவன்ட வாயப் பாக்கிறாய். நான் பின்னால என்ன கேக்குது எண்டு பாக்கிறன்," என்பாய். பின்னால் என்றால் மேளம், மூச்சு, அறையின் எதிரொலி. ஒருவன் குளியலறையில் நின்று பாடியதையும் வாகனத்துக்குள் இருந்து பாடியதையும் கேட்டவுடன் சொல்லிவிடுவாய்.

கூட்டத்தில் இரண்டு பக்கமும் வந்திருந்தார்கள். கரைவலை லேபலுக்காக சாபித் வந்திருந்தான். உன் கூடப்பிறந்த காக்காவின் அந்த லேபலில் பாடியவன், கல்முனைக்குடிக் கடற்கரைப் பொடியன்மாரின் தலைவன். இப்போது தாடி நரைக்கத் தொடங்கிவிட்டது, பழக்கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் வட்டை. சம்மாந்துறை வயல்வெளியின் பெயரையே லேபலுக்கு வைத்துக்கொண்டவர்கள். அவர்களுக்காக அவர்களுடைய தலைவன் ரிஸ்மி வந்திருந்தான்.

கரைவலைதான் முதலில் நம் பேச்சில் பாடியது, அதற்கு முன் எல்லோரும் சினிமாத் தமிழில் பாடினார்கள் என்றான் சாபித். பேச்சில் பாடினால் போதுமா, முழு இறுவட்டாக முதலில் வெளியிட்டது வட்டை, அறுவடை மிஷினின் சத்தத்தை மேளமாக்கியது வட்டை என்றார்கள் அந்தப் பக்கம். அக்கரைப்பற்றில் இருந்து வந்த ஒருவர் தங்களுடைய ஊரில் இதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு குழு இருந்தது என்றார். அதன் பெயர் அவருக்கே நினைவில்லை. காரைதீவில் இருந்து வந்த பொடியன் கை உயர்த்தி உயர்த்தி அலுத்துப்போய் போனைப் பார்க்கத் தொடங்கினான். நம் ஆட்கள் எதைக் கதைத்தாலும் கடைசியில் எந்த ஊர் என்பதில் வந்து நிற்கும். இத்தனைக்கும் வட்டையின் நல்ல பாடகன் ஒருவன் பிறந்தது கல்முனைக்குடியில். கல்யாணம் முடித்துப் பெண்ணின் வீட்டில் குடியேறியதும் சம்மாந்துறைக்காரனாகி, கரைவலையை ஏசிப் பாடத் தொடங்கிவிட்டான். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை எடுக்கும் ஊர்களில் ஆண்களுக்கு எது ஊர்?

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. எல்லாப் பாட்டையும் கடைசியில் செப்பனிட்டுத் தந்தது, சேர் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லும் கொழும்புக்காரர் ஒருவர். அவர் இல்லாவிட்டால் இந்த ஓசையே இல்லை. சாபித் ஒரு படி மேலே போனான். வெள்ளவத்தையில் அவரை ஒரு தரம் நேரில் கண்டு கைகொடுத்ததாகச் சொன்னான். "நல்ல மனிசன். கண்ணாடி போட்டிருப்பார்," என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ கண்ணாடி போட்டதில்லை.

அந்த வீடு உனக்காக உன் வாப்பா கட்டத் தொடங்கியது. நீ பிறந்த கையோடு கல் வாங்கியவர். சுவர் எழும்பி, கூரை போட்டு, பூசுவதற்குள் வாப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு மேல்மாடி எடுக்கலாம் என்று தூண்களின் தலையில் விட்டிருந்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. உன் காக்கா ஒரு மைக்கைக் கொண்டுவந்து, உன் பூசாத வீட்டின் முன்னறையில் முட்டை அட்டை ஒட்டி, ஸ்டூடியோ என்று பெயர் வைத்தார். கொம்பியூட்டர் உள்ளறையில். அதில் இருந்தது நீ. வாசலில் தடித்த சீலை. சுவரில் ஒரு துளை போட்டு வயரை இழுத்திருந்தீர்கள். பொடியன்மார் பக்கவாட்டு கேட் வழியாக வந்து பாடிவிட்டுப் போவார்கள். முதல் பாட்டு அவர்களுடைய கைக்குப் போனதும் சாபித் கேட்டான், இதை ஆர் செய்தது என்று. தானே செய்ததாகக் காக்கா சொன்னால், எங்கே செய்து காட்டு என்பான். தங்கை என்று சொல்ல நாக்கு வராது. காக்கா திகைத்து நின்று, "கொழும்புல ஒரு சேர்" என்றார். ஒருவனும் சந்தேகப்படவில்லை. நல்ல வேலை என்றால் அது கொழும்பில் இருந்து வரும், செய்தவர் ஒரு சேராக இருப்பார். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

அந்தப் பொய்க்கு உயிர் கொடுக்க நீ ஒரு புது சிம் வாங்கினாய். காக்காவின் போனில் அது கொழும்பு சேர் என்று பதிவானது. ஒரு நாள் நானும் உள்ளறையில் இருந்தேன். சத்தம் வரும் என்று காற்றாடியைப் போடாமல் நாம் இருவரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தோம். சாபித் பாடுவதை நிறுத்தி, சேருக்கு அனுப்பிக் கேளுங்க என்றான். நீ விரலால் தட்டினாய். சீலைக்கு அந்தப் பக்கம் காக்கா வாசித்தார்: "சேர் செல்றார், ரெண்டாவது வரியில மூச்சு விடாம பாடட்டாம்."

"சேருக்கு என்ன மனே," என்றான் சாபித். "ஏசி ரூமுக்குள்ள இரிந்துக்கிட்டு செல்லுவாரு. நம்மட கஷ்டம் அவருக்கு எங்க வெளங்கப்போகுது."

நீ பர்தா நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு உன்னிடம் கேட்டேன், ஏன் உன் பெயரைப் போடக்கூடாது, ஒரு புனைபெயராவது. "லேபல் எண்டா என்ன புள்ள? ஒரு பேரு, ஒரு படம். பாட்டுச் செய்யிறது அறை. அறைக்கு என்னத்துக்குப் பேரு?" என்றாய். அதையும் நான் நம்பவில்லை.

பிறகு வட்டையின் அந்தப் பாட்டு வந்தது. சேற்றில் முளைத்தவர்கள் என்று கரைவலை பாடியதற்கு எதிர்ப்பாட்டு. "வல பெருசு, மீன் எங்க மனே" என்று அது திரும்பத் திரும்பக் கேட்கும். ஒரு வாரத்துக்குள் கல்முனைச் சந்தையில் மீன் வாங்குபவர்கூட மீன்காரரைப் பார்த்து அதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். உன் காக்கா வெளியே தலைகாட்டவில்லை. நான் உனக்காகக் கோபப்பட்டேன். நீ நகத்தைக் கடித்துக்கொண்டு, "நல்லாத்தானே ஏசிருக்கான்," என்றாய். உன் முகத்தில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. தவறான இடத்தில் விழுந்தது.

அந்தச் சந்தேகத்தை உறுதியாக்குவதுபோல் உன் ஜனாஸா அன்று ரிஸ்மி வந்தான். டெங்குக் காய்ச்சல் உன்னை ஒரு வாரம்கூட வைத்திருக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் பெயரைச் சொன்னார்கள். உன் பெயர் ஊர் முழுக்கக் கேட்டது அந்த ஒரு தடவைதான். ரோட்டில் போனவர் ஆரு மவுத்து என்று கேட்டதற்கு, நம்மட ஸ்டூடியோக்காரன்ட தங்கச்சி என்று பதில் சொன்னார்கள். பெண்கள் இருந்த பக்கத்து ஜன்னலால் நான் பார்த்தேன். சாபித்தும் கூட்டாளிமாரும் காக்காவைச் சுற்றி நின்றார்கள். எதிரிக் குழுவின் தலைவன், அந்த வீட்டில் ஒரு நாளும் கால் வைக்காதவன், மதிலின் கடைசி மூலையில் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதற்கு? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது: உங்கள் இருவருக்கும் இடையில் விருப்பம். எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன நீ இதை மட்டும் சொல்லவில்லை என்று, உன்னைக் கொண்டுபோய் அடக்கிய அன்றே உன்னோடு கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபத்தோடுதான் இத்தனை காலமும் உனக்கு துஆச் செய்து வந்தேன்.

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். வாக்குவாதம் முற்றியதும் இரண்டு பக்கத்துப் பாட்டையும் போட்டுப் பார்ப்போம் என்றார்கள். கரைவலையின் பாட்டு முதலில் ஓடியது. பிறகு வட்டையின் மீன் பாட்டு. போனின் சின்ன ஸ்பீக்கரில் எத்தனையோ தரம் கேட்டு வெறுத்த பாட்டுத்தான். டியூட்டரியில் பெரிய ஸ்பீக்கர். மேளம் விழும் ஒவ்வொரு இடத்திலும் அதன் வாலில் ஒரு ஓசை நீண்டது. ணிங்.

அந்த ஓசையை எனக்குத் தெரியும். அது பிறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். உன் வீட்டு மொட்டைமாடியில், தூணில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் நீ சோற்றுக்கரண்டியால் தட்டினாய். நான் பதிவுசெய்யப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. "இன்னம் கிட்டப் புடி புள்ள, கம்பி உன்னக் கடிக்காது," என்றாய். உன் வீட்டுக் கம்பி எதிரியின் பாட்டில் ஒலிக்கிறது.

நிமிர்ந்தபோது ரிஸ்மி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படியிறங்கும்போது பின்னால் வந்தான். கொஞ்சம் தள்ளி நின்று, "தங்கச்சி, உங்களுக்கு வெளங்கிட்டு எண்டு நினைக்கிறன்," என்றான். எனக்கு எதுவும் விளங்கவில்லை என்றேன். அவன் விடவில்லை. கல்யாணம் முடித்து அவர்கள் ஊருக்கு வந்த பொடியன், காக்காவின் போனில் பார்த்து வைத்திருந்த கொழும்பு சேரின் இலக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தானாம். ரிஸ்மி பாடி அனுப்பினான். சேர் திருத்தி அனுப்பினார். கரைவலைக்குச் செய்துகொடுப்பவர் நமக்கும் செய்வாரா என்று பயந்து கேட்டதற்கு, செய்வேன், ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று பதில் வந்ததாம்.

"அந்த மீன் வரி என்ட வரியில்ல," என்றான். "நான் வேற என்னவோ எழுதி அனுப்பினன். இது பத்தா, இதப் போட்டுப் பாடுங்க எண்டு சேர்தான் எழுதித் தந்த. ஊரே என்னத் தூக்கி வெச்சிக் கதைச்சிச்சி. நானும் பேசாம இரிந்துட்டன்."

உன் சொந்தக் காக்காவின் லேபலை ஏசுகிற வரி. அதை எழுதியது நீ.

ஆள் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவன் அந்தப் பாட்டின் கடைசியைப் பற்றிச் சொன்னான். எல்லாம் ஓய்ந்து அந்தக் கம்பி ஓசை மட்டும் தனியாக மிஞ்சுகிற இடம். ஹெட்போனில் கேட்டால் அதற்குப் பின்னால், மிகத் தூரத்தில், ஒரு பள்ளியின் ஒலிபெருக்கி கேட்கும். யாரோ மவுத்தான அறிவித்தல். அடக்கம் கல்முனைக்குடி மையவாடியில் என்பது மட்டும் பிடிபடும். கொழும்பில் இருக்கிற சேருக்கு நம் ஊர் மவுத்து அறிவித்தல் எப்படிக் கேட்டது? அவன் பிறகு கரைவலை ஸ்டூடியோ இருந்த தெருவால் சும்மா போவதும் வருவதுமாக இருந்திருக்கிறான். ஒரு நாள் உன் காக்கா சந்திக் கடையில் கையில் போன் இல்லாமல் நின்று கதைத்துக்கொண்டிருந்த நேரம், சேரிடம் இருந்து இவனுக்குச் செய்தி வந்ததாம். காக்கா இல்லை என்றால் அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நான் ஒருநாளும் முகம் கண்டயில்ல தங்கச்சி. அல்லாஹ் அறிய," என்றான். "தெரியும் எண்டு காட்டிக்கொள்ளவுமில்ல. காட்டினா செய்து தரமாட்டாங்க எண்டு பயம்."

நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி ஹெட்போனைப் போட்டேன். இருக்கிறது. மிக மெல்லியதாக, கம்பியின் நடுக்கத்துக்கு அடியில், பள்ளி மோதினாரின் இழுத்த குரல். அப்போதுதான் அந்த நாள் முழுதாகத் திரும்பி வந்தது. நீ தட்டிக்கொண்டிருந்தபோது அறிவித்தல் தொடங்கியது. நான் போனை இறக்கினேன். "எடு எடு, நிப்பாட்டாத. வேண்டாததப் பொறகு வெட்டிப்போடலாம்," என்றாய்.

நீ வெட்டவில்லை.

நான் இப்போது சந்தேகப்படுவது இதைத்தான். சாபித் எச்சில் விழுங்கும் சத்தத்தைக்கூட வெட்டி எடுப்பவள் நீ. காகம் கரைந்தால் மறுபடி பாடச் சொல்வாய். பின்னால் என்ன கேட்கிறது என்பதைத் தவிர வேறெதையும் கேட்காத காது. அந்தக் காதுக்குத் தப்பி ஒரு ஒலிபெருக்கி உள்ளே வருமா? மேளம் எல்லாம் நின்று, ஓசை வெறுமையாக இருக்கிற அந்த இடத்திலேயே வருமா? அறைக்குப் பெயர் எதற்கு என்று கேட்டவள், அறையின் விலாசத்தைப் பாட்டின் வாலில் ஒட்டி எதிரியிடம் கொடுத்துவிட்டிருக்கிறாய். உன்னை யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாயா? அல்லது நான்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரணத்தைத் தேடி, ஒரு சின்னக் கவனக்குறைவை உன் ஆசையாக மாற்றிக்கொள்கிறேனா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

ரிஸ்மியிடம் உனக்கு விருப்பம் இருந்ததா என்று மறுபடியும் யோசித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நீ ஒரு தரம் சொன்னது நினைவு வந்தது: "ஒருத்தன் மட்டும் பாடிக்கிட்டு இரிந்தா ஊரு நித்திரையாப் போயிரும். எதிரால ஒருத்தன் வேணும்." நான் அதை ஒரு கருத்தாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ உள்ளறையில் இருந்து இரண்டு பேரையும் செய்துகொண்டிருந்தாய். கரைவலையா வட்டையா என்று அன்று முழுக்க அடித்துக்கொண்ட ஆண்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர்கள் அளந்து பார்த்த இரண்டும் ஒரே அறையின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் இதை எழுதுவதா இல்லையா என்பது சிரிப்பான விசயம் இல்லை. உன் வீடு இப்போது உன் தங்கையின் வீடு. அவளுக்கு நிந்தவூரில் ஒரு மாப்பிள்ளை பேசியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போய், முன்னறையைப் பூசித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் கூட்டமாக வந்துபோன வீடு, சீலைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள் என்று படத்தில் வந்தால், அதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு போக இந்த ஊரில் வாய்கள் உண்டு. உன் காக்கா இப்போது வேலை செய்கிற கட்டாரில் இருந்து படக்காரருக்குச் சொல்லியனுப்பியிருந்தார், சேரின் கதையைச் சேரின் கதையாகவே விடும்படி. தங்கைக்காகச் சொல்கிறாரா, லேபலுக்காகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அதனால் முட்டை அட்டையோடு வந்தவளிடம் முதல் நாள் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மணம் மேசையில் இருந்தது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பகுதியை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு மீன் வரியை நீதான் எழுதினாய் என்று சொன்னபோது, அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"எழுதுங்க ராத்தா," என்றாள்.

அவளுடைய கல்யாணத்தை நினைவூட்டினேன். காக்கா சொல்லியனுப்பியதையும் சொன்னேன், கல்யாணம் முடியும்வரையாவது பொறுக்கலாமே என்றேன்.

"மறுகா ஒரு புள்ள பொறக்கட்டும் எண்டு செல்லுவார். மறுகா அந்தப் புள்ளைக்கி கலியாணம் வரட்டும் எண்டு செல்லுவார். மாப்புள ஊட்டாக்களுக்கு நான் செல்லிட்டன். ஊடு பாக்க வந்த அண்டைக்கே, இந்த அட்டை என்னத்துக்கு எண்டு மாமி கேட்டாங்க. என்ட ராத்தா பாட்டுச் செய்த அறை எண்டன்."

மாமி என்ன சொன்னார்?

"ஒண்டும் செல்லல்ல. வட்டிலப்பம் திண்டுட்டுப் போய், பூசச் செல்லி ஆள் அனுப்பியிரிக்காங்க. சம்பந்தம் வேணாமெண்டா பூசச் செல்லுவாங்களா?"

அவள் அதைக் கேள்வியாகத்தான் கேட்டாள். எனக்கும் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் பயந்துதான் இருந்தாள். பயந்துகொண்டே காக்காவுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தாள். எடுத்தவுடன் அவர் வேண்டாம் என்றார், கோபமாகவே சொன்னார். அவள் மீன் வரியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் தூரத்தில் வாகனங்கள் போவது கேட்டது.

"அந்த வரியால அந்தப் பெருநாள் தொழுகைக்கு நான் கடைசி வரிசையில நிண்டன்," என்றார் கடைசியில். "ஊட்டுக்குள்ள இரிந்து..." சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, போன் வைக்கப்பட்டது. அது சம்மதமா என்றும் தெரியவில்லை. உன் தங்கை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நேற்று நான் உன் வீட்டுக்குப் போனேன். மேசன்மார் வந்துவிட்டார்கள். மேல்மாடியும் எடுக்கப்போகிறார்களாம். முன்னறையின் ஒரு சுவரில் மட்டும் அட்டைகள் மிச்சம் இருந்தன. உள்ளறைச் சீலை இல்லை, வயர் போன துளை அப்படியே இருந்தது. பின்னணி உரையை நான் எழுதி முடித்திருந்தேன், ஒரு வசனத்தைத் தவிர. உன் பெயர் வரவேண்டிய அந்த வசனத்தை எழுத என் கை வரவில்லை. பெயர் வேண்டாம் என்று நீ சொன்னது என்னிடம்தான். நம்பாவிட்டாலும் அதை மீற என்னால் முடியவில்லை. இந்த மடலிலும் உன் பெயர் இல்லை. ஆனால் உன் தங்கையிடம் நீ அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெயரை அவள் சொல்லட்டும், அவளுடைய வீட்டில் நின்று, அவளுடைய குரலில்.

நான் போனைப் பிடித்தேன். முன்பு பிடித்த அதே கை. இன்னும் கிட்டப் பிடிக்கச் சொல்ல ஆள் இல்லாததால் நானே கிட்டப் பிடித்தேன். அவள் முட்டை அட்டைச் சுவரைப் பார்த்து நின்று தொண்டையைச் செருமினாள். கொழும்பு சேர் என்று ஒருவர் இருக்கவில்லை என்றாள். இந்த வீட்டின் உள்ளறையில் என்னுடைய ராத்தா இருந்தா என்றாள். பிறகு உன் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னாள். நடுங்காமல் சொன்னாள்.

இன்றைக்குக் காலையில் அதை ஹெட்போனில் கேட்டேன். உன்னிடம் இருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பழக்கம்தான். முன்னால் கதைப்பவரை நம்பவோ நம்பாமல் விடவோ அவசரப்படுவதில்லை, பின்னால் என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன். உன் தங்கையின் குரலுக்குப் பின்னால் கடல் இரைகிறது. யாரோ சீமெந்து குழைக்கிறார். அவள் உன் பெயரைச் சொல்லி முடித்த அந்த இடைவெளியில், மேலே மேசன் தூண்கம்பியில் எதையோ போட்டுவிட்டார். ணிங்.

படக்காரப் பொடியன் கேட்டுவிட்டு, அந்தச் சத்தத்தை வெட்டிவிடலாம் ராத்தா என்றான்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.